காற்றுத் தோலுக்கு ஒரு விண்ணப்பம்

முன்பு, இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆறு எல்லையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தென்கரையைக் கனகசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் தன்னிடம் இல்லாத ஒரு பொருள் அடுத்தவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வடகரை ராஜாவிடம் பனைமர உயரத்துக்குக் கல்லெறியும் பொறி ஒன்று வந்திருப்பதாக ஒற்றர்கள் ஒருநாள் வந்து சொன்னார்கள். ராஜா இலையிலேயே கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் பறையறைந்தார்கள். போருக்கு உதவும் புதுப்பொருள் ஒன்றை யோசித்து வைத்திருக்கும் பட்டறைக்காரர் யாராயிருந்தாலும் ஓலையில் எழுதிக் கொடுக்கலாம். ராஜாவுக்குப் பிடித்துப்போனால், அதைச் செய்து பரீட்சை பார்க்கக் கஜானாவிலிருந்து மானியம் கிடைக்கும். ஒரே ஒரு கட்டளை, பட்டறையில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய ஆயுதச்சாலை வருஷா வருஷம் அதே ஈட்டியைத்தான் அடித்துக் கொடுக்கிறது, புதுசாக ஏதாவது தோன்றினால் அது சின்னப் பட்டறைக்காரனுக்குத்தான் தோன்றும் என்பது ராஜாவின் எண்ணம். அந்த எண்ணம் சரியானதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் சபையில் ஓலைகளைப் படித்தார்கள். நாலு ஓலை தாண்டுவதற்குள் ராஜாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் அரண்மனை விகடக்காரன் சீராளனைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஓலை ஒன்றுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ராஜா சிரிக்க வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. சீராளனுக்கு வார்த்தை எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆற்றங்கரையில் தோல்பட்டறை வைத்திருந்த ஆவுடை என்பவளின் ஓலை வந்தது. கொல்லர்களுக்குத் துருத்தியும், கிணற்றில் நீர் இறைக்கத் தோல்சாலும் தைத்துக்கொடுக்கும் பட்டறை. அவளையும் சேர்த்து நாலே பேர். ஆட்டுத்தோலை மெழுகு தடவித் தைத்துக் காற்று ஊதிக் கட்டினால் ஒரு பை ஆகும், அதை மார்பில் கட்டிக்கொண்டால் நீச்சல் தெரியாத வீரனும் ஈட்டி கேடயத்தோடு வெள்ளத்தைத் தாண்டிவிடுவான், கட்டிக்கொண்டவனை அது மிதக்கவைக்கும் என்று எழுதியிருந்தாள்.

மிதக்கவைக்கும் என்ற சொல் காதில் விழுந்ததுமே சீராளன் வாயைத் திறந்துவிட்டான்.

“நம் வீரர்கள் கள்ளுக்கடையிலிருந்து ஏற்கெனவே மிதந்துகொண்டுதானே வருகிறார்கள், மகாராஜா. இதற்குப் பை வேறு எதற்கு?”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது. ஓலை படிப்பவர் தானும் சிரித்துக்கொண்டே அந்த ஓலையைத் தள்ளுபடிக் கூடையில் போட்டார். வாசலில் காத்திருந்த ஆவுடையிடம் காவலாளி வந்து, உன் ஓலை போய்விட்டது, வீட்டுக்குப் போ என்று சொன்னான். உள்ளே எதற்குச் சிரித்தார்கள் என்றும் அவனே சொன்னான்.

அந்த ஐப்பசியில் ராஜா வடகரைமேல் படையெடுத்தார். பாதிப் படை ஆற்றில் இறங்கியிருந்தபோது மேற்கே பெய்த மழை வந்து சேர்ந்தது. இருநூறு பேர் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். ராஜாவுக்குப் பொழுதுபோக வேண்டும் என்று சீராளனையும் பாசறைக்குக் கூட்டிவந்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவன் கரையில் நின்றான். ஆற்றுப்போக்கில் சற்றுக் கீழே, நாணல் ஓரமாக, அவர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள்.

தான் சொன்ன வார்த்தை அவனுக்கு அப்போதுதான் கேட்டது.

கரையில் ஒரு பெண், இழுத்துப் போட்டவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவனிடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். யாரென்று பக்கத்தில் நின்ற வீரனைக் கேட்டான் சீராளன். தோல்பட்டறை ஆவுடை, செத்தவன் அவள் தம்பி இசக்கி என்றான் வீரன். இசக்கிக்கு நீச்சல் தெரியாது. அக்காள் அவனுக்காக ஒரு காற்றுத் தோல் தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அரண்மனை முத்திரை இல்லாத பொருளைப் படையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, ஆற்றில் இறங்குவதற்கு முன்பு அதை வாங்கி வைத்துவிட்டார்களாம்.

சீராளன் அவள் பக்கத்தில் போகவில்லை.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது. தோற்ற மானத்தை மீட்க ஐப்பசியில் மறுபடியும் ஆற்றைத் தாண்டப்போவதாக ராஜா சொல்லிவிட்டார். மறுபடியும் மானியத்துக்குப் பறையறைந்தார்கள். அன்று மத்தியானமே சீராளன் ஆற்றங்கரைக்கு நடந்தான்.

ஆவுடை தோலைக் கல்லில் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“சிரிக்கவச்சது நீங்கதானே?” என்றாள்.

சீராளன் ஆமாம் என்றான். மறுபடியும் ஓலை எழுதிக் கொடுக்கவேண்டும், இந்தத் தடவை தானே அதற்காக நின்று பேசுவதாகச் சொன்னான். அவள் தோலைப் புரட்டிப் போட்டாள்.

“எந்தம்பி இனிமே வரமாட்டான்” என்றாள் பிறகு. “ஆனா இந்த ஐப்பசிக்கும் யாரோட தம்பியோதானே ஆத்துல எறங்கப்போறான். எழுதித் தர்றேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அதைச் சிரிக்காமப் படிக்கணும்.”

விகடக்காரன் ஒரு தோல்பட்டறைக்காக அலைகிறான் என்ற செய்தி சேனாதிபதி வீரமார்த்தாண்டரின் காதுக்குப் போயிற்று. பெரிய ஆயுதச்சாலையை நடத்தியவர் அவருடைய மைத்துனர் கோதண்டராயர். ராஜா எது கேட்டாலும் சீராளன் முகத்தைப் பார்ப்பது இருவருக்குமே நெடுநாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சேனாதிபதி எழுந்து, கண்டவர்களுக்கெல்லாம் மானியம் போகாமலிருக்க இரண்டு நிபந்தனைகள் சேர்க்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். கொண்டுவரும் பொருளை இதுவரை எந்தப் போரிலும் யாரும் பயன்படுத்தியிருக்கக் கூடாது. அதே சமயம், அதனால் விளையும் நன்மை போர்க்களத்தில் தெரிந்திருக்க வேண்டும், அதற்குச் சேனாதிபதியின் முத்திரையோடு சாட்சி வேண்டும்.

சபையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போருக்கே போகாத பொருளின் நன்மை போரில் எப்படித் தெரியும்? ராஜாவுக்கோ புதிர் என்றால் வெல்லக்கட்டி மாதிரி. சரி என்றுவிட்டார்.

சேனாதிபதி அதோடு விடவில்லை. “சீராளர் ஒரு பட்டறைக்காகப் பேசப்போவதாகக் கேள்வி. பேசட்டும். நிபந்தனையைத் தாண்ட முடியவில்லை என்றால், அவருக்கு இந்தச் சபையில் ஆசனம் கூடாது. மகாராஜா உத்தரவிட வேண்டும்.”

ராஜா சீராளனைப் பார்த்தார். சீராளன் தலையாட்டினான்.

குறித்த நாள் வந்தது. விண்ணப்பித்த பட்டறைகள் மொத்தம் இருபத்தொன்று. ஒன்று ஆவுடையுடையது. மற்ற இருபதும் யாரும் கேள்விப்படாத பெயர்கள், பட்டறைக்கு ஒன்பது பேர். இருபதும் கொண்டுவந்த பொருள் ஒன்றுதான், சிவப்புச் சாயம் பூசிய ஈட்டி. ஈட்டியின் நன்மை போர்க்களத்தில் தெரிந்தது, சிவப்பு ஈட்டியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை, ஆகவே இரண்டு நிபந்தனையும் நிறைவேறியது என்று கோதண்டராயர் விளக்கினார். சாட்சி ஓலை இருபதிலும் சேனாதிபதியின் முத்திரை பளபளத்தது.

சீராளன் குறை ஒன்றும் சொல்லவில்லை. மெத்தச் சந்தோஷம் என்றான். இவ்வளவு சின்னப் பட்டறைகள் நாட்டில் இருப்பது தெரியாமல் போயிற்றே, எல்லாரையும் மகாராஜா கண்ணால் பார்த்து வெற்றிலை பாக்குக் கொடுத்தால் அவர்களுக்கு எவ்வளவு உற்சாகமாக இருக்கும் என்றான். பட்டறை பட்டறையாகக் கிழக்கு வாசலில் வந்து வணங்கி, மேற்கு வாசலில் வெளியேறினால் போதும். ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. இப்போதே வரட்டும் என்றார்.

இருபது பட்டறைக்கும் ஆள் காட்ட ஆயுதச்சாலையில் இருந்ததே அறுபது ஆட்கள். முதல் ஆறு பட்டறைகள் ஒழுங்காக வந்து போயின. ஏழாவது பட்டறையிலிருந்து, மேற்கு வாசலில் போனவர்கள் யானைக் கொட்டாரத்தைச் சுற்றி ஓடி, தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு, கிழக்கு வாசலில் நுழைந்தார்கள். அவர்களில் துருத்தி ஊதும் பருத்த மனிதர் ஒருவர் இருந்தார், பெயர் தாண்டவராயன். இரண்டாம் முறை வந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. மூன்றாம் முறை வந்தபோது வணங்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

ராஜா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, நீ எந்தப் பட்டறை என்று கேட்டார்.

தாண்டவராயனுக்குப் பொய் சொல்லக்கூட மூச்சு இல்லை. “இது எத்தனாவது சுத்துன்னு மகாராஜா சொன்னா, எந்தப் பட்டறைன்னு சொல்லிப்புடறேன்.”

ராஜாவுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கிவிட்டது. சபை முழுக்கச் சிரித்தது, சேனாதிபதியும் மைத்துனரும் தவிர. அந்தச் சிரிப்பைச் சீராளன் நன்றாக அறிவான். அது கொஞ்சம் குறையும்போது இன்னொரு வார்த்தை போட்டால் மறுபடியும் எழும். வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டு, கடைசி ஆள் சிரித்து ஓயும்வரை காத்திருந்தான். பிறகு ஆவுடையின் ஓலையை எடுத்து, ஓலை படிப்பவரிடம் கொடுக்காமல் தானே படித்தான். ஓர் எழுத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படித்து முடித்ததும் சேனாதிபதி எழுந்து, இருபது பட்டறை போனாலும் நிபந்தனை நிபந்தனைதான், போர்க்களத்துச் சாட்சி எங்கே என்று கேட்டார்.

சீராளன் மடியிலிருந்து ஒரு சிறு ஓலை நறுக்கை எடுத்தான். பாசறைக் கிடங்கில் வாரக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்தது. அதையும் படித்தான். “காலாட்படை வீரன் இசக்கியிடமிருந்து, காற்றடைத்த ஆட்டுத்தோல் ஒன்று, முத்திரை இல்லாததால் பறிமுதல். ஐப்பசி ஒன்பதாம் நாள். சேனாதிபதி முத்திரை.”

ஓலையை ராஜாவின் கையில் கொடுத்தான்.

“பொருள் போர்க்களம் வரைக்கும் போனது, மகாராஜா. ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை. முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதன் நன்மை பத்தாம் தேதி காலையில் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குச் சாட்சி இருநூறு பேர். அவர்களை இந்தச் சபைக்கு அழைத்துவர என்னால் ஆகாது. சென்ற வருஷம் இதே ஓலை இங்கே வந்தபோது அதைக் கூடைக்கு அனுப்பியவன் நான். அதையும் சாட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.”

ராஜா அந்த நறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மானியம் தோல்பட்டறைக்கு, இன்றே அனுப்புங்கள் என்றார். இருபது பட்டறைகளையும் தள்ளினார். ஆயுதச்சாலையைக் கோதண்டராயரிடமிருந்து வாங்கிக்கொண்டார். சேனாதிபதி இந்த ஐப்பசியில் படைக்கு முன்னால் தாமே முதலில் ஆற்றில் இறங்கவேண்டும், விருப்பமிருந்தால் ஆவுடையிடம் கேட்டு ஒரு தோல் வாங்கிக்கொள்ளலாம் என்றும் உத்தரவிட்டார்.

சபை இப்படிக் கனத்துப்போய்க் கலைவது ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டுவிட்டு, இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார்.

“வெள்ளிக்கிழமை ஓலை படிக்கும்போது அடியேனுக்கு இந்தச் சபையில் ஆசனம் வேண்டாம், மகாராஜா.”

ராஜா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். தோற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையை, ஜெயித்துவிட்டுப் பரிசாகக் கேட்கிறானே, இப்படி ஒரு விகடத்தை நான் கேட்டதே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கேட்டதைக் கொடுத்தேன் என்றார். சீராளன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

சாயங்காலம் அவன் ஆற்றங்கரைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ஆவுடை கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள். யாரும் சிரிக்கவில்லையா என்று ஒருதரம் கேட்டாள். இல்லை என்றான். முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“போன வருசமே இப்படிப் படிச்சிருக்கலாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, விடிந்தால் தோலுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று எழுந்து போனாள்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. படை தாண்டிப்போய்த் திரும்பியும் வந்தது. ஆற்றில் ஒருவர் உயிரும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லா ஓலையையும் கடைசிவரை கேட்டார். சீராளன் அந்த நாட்களில் வெளிவாசலில், ஓலை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கு வேடிக்கைக் கதைகள் சொல்லுவான், நன்றாகவே சொல்லுவான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் மட்டும், கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவான்.