அசையாத கத்தி

ஊமத்தம்பாடிச் சங்கிலிக்கு அன்றைக்குக் கல்யாணம் நிச்சயமாகவேண்டும். பெண்ணின் தகப்பனார் ஆவுடையப்பன், "மத்தியானம் வாரேன். சுடச்சுடச் சோறு போட்டா பொண்ணு உண்டு, இல்லேன்னா இல்லை" என்று சொல்லியனுப்பியிருந்தார். அவருக்காக வெள்ளையடித்த வீட்டில் புகை படக்கூடாதென்று தோப்பில் சமையல். அரிசி இருந்தது, பானை இருந்தது, ஆள் நீளத்துக்கு ஒரு புளியங்கட்டையும் கிடந்தது. பிளக்கத்தான் கத்தி இல்லை.

சங்கிலியும் அவன் அண்ணன்மார் சுடலையும் பிச்சாண்டியும் கொல்லுப்பட்டறைக்கு ஓடினார்கள்.

"மடக்குக்கத்தி விறகுக்கு ஆகாது. அசையாத கத்தியா, கனமாப் பாத்து எடுங்க" என்றார் கொல்லர்.

மூவரும் எல்லாக் கத்திகளையும் தரையில் பரப்பி, எது அசைகிறது என்று குந்தியிருந்து பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

"எல்லாமே நல்ல கத்தியா இருக்கே, எதைண்ணே எடுக்கிறது?" சங்கிலிக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, கொல்லர் வீட்டுக் கோழி கத்திகள்மேல் நடந்துபோயிற்று. ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் ஆடின. அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

சுடலை கத்தியைக் கட்டையில் வைத்து, கல்லால் ஓங்கிப் போட்டான். பாதி இறங்கி நின்றுவிட்டது. மூவரும் தொங்கிப் பார்த்தும் வரவில்லை.

"அசையுதா பாரு! சொன்னா சொன்னபடி கத்தி" என்று பூரித்தான் பிச்சாண்டி.

"கத்தி சரிதாண்ணே. விறகு?"

சுடலை யோசித்தான். "கட்டையைக் கொளுத்துவோம். கத்தி தானா விழுந்துரும். அப்புறம் விறகு பிளந்து, அடுப்பு மூட்டி, சோறாக்குவோம்."

கட்டை திகுதிகுவென்று எரிந்தது. "இந்தத் தீயிலேயே பானையை வச்சா என்ன?" என்று சங்கிலி மெல்லக் கேட்டான்.

"கிறுக்குப்பயலே! இது கத்திக்கு மூட்டின தீ. சோத்துத் தீக்கு இன்னும் விறகே பிளக்கலை!" என்று அதட்டினான் சுடலை.

சங்கிலிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கட்டை சாம்பலாகிக் கத்தி விழுந்தது. சூடு தாங்காமல், உலைக்கு வைத்திருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்கள். பிடி கருகிக் காணாமல் போயிருந்தது.

அந்நேரம் பார்த்து ஆவுடையப்பன் வந்தார். சோறும் இல்லை, தீயும் இல்லை. சங்கிலி இருந்ததைக் கொண்டுபோய் நீட்டினான். "மாமா, பிடியில்லாத கத்திதான் இருக்கு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்டுல கத்தியில்லாத பிடி ஒண்ணு இருபத்தஞ்சு வருசமா சும்மா கிடக்கு, மாப்பிளே. தையில முகூர்த்தம் வச்சிருவோம்!"

"அப்ப எனக்கும் பொண்ணுக்கும், மாமா?"

"பொறுங்க. வீட்டுல பிடிதான் மூத்தது. முதல்ல அதுக்கு முடியட்டும்."