பிரேக்குக்குப் போகாத கால்

தென்காசியில் பல் வைத்தியம் பார்த்துவந்த சண்முகவடிவு நன்றாகவே கார் ஓட்டுவாள். அவள் வாங்கிய புது வண்டியோ, குறுக்கே எது வந்தாலும் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். ஆரம்பத்தில் வண்டிக்கு முன்பே அவள் மிதித்துவிடுவாள். போகப் போக, அதுவே நிற்கட்டும் என்று கால் சும்மா இருக்கப் பழகியது. பழகியது அவளுக்கே தெரியவில்லை.

ஒருமுறை தம்பி சிதம்பரம் வண்டியை இரவல் வாங்கிப் போனான். சந்தைத் தெருவில் ஆடு குறுக்கிட்டபோதெல்லாம் வண்டி வெடுக்கென்று நின்றதில் எரிச்சலாகி, அந்த வசதியை அணைத்துவைத்தான். திருப்பித் தந்தபோது அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வடிவும் கணவர் நயினாரும் செங்கோட்டைக்குக் கிளம்பினார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிவதை நயினார் பார்த்தார். ஓட்டுகிறவளுக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஊர் தாண்டியதும் சவரிமுத்து என்ற பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்க வந்தார். வடிவு அவரைத் தூரத்திலேயே பார்த்தாள். வண்டி நின்றுவிடும் என்றிருந்தாள். நிற்காது என்று புரிந்து அவள் மிதிப்பதற்குள் சைக்கிள் மேல் மோதியாயிற்று. பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த சிதம்பரம், எல்லாம் தன்னால்தான் என்று அழுதான். வாய் திறக்காத தன்மேல்தான் தப்பு என்றார் நயினார். ஆனாலும் போலீசிடம், பெரியவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார்கள் இருவரும். வேறு யாரும் பார்க்கவில்லை.

வடிவு பெரியவரின் கட்டிலருகே போனாள்.

"ஐயா, உங்களை நான் தூரத்திலயே பார்த்துட்டேன். கால்தான் பிரேக்குக்குப் போகலை."

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்க்கிறதை நானும் பார்த்தேம்மா. பார்த்துட்டீங்கன்னுதான் ரோட்டுல இறங்கினேன்."

அணைத்துவிட்டுச் சொல்லாத தம்பி, விளக்கைக் கண்டும் பேசாத கணவர், ஆளைக் கண்டும் மிதிக்காத வடிவு. படிக்கிறவர்களே, அந்தப் பெரியவருக்கு இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: தம்பியும் கணவரும் பொறுப்பிலிருந்து தப்பியவர்கள் அல்லர், அவர்கள் வடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெரியவரோ அந்த வண்டியின் வசதியையும் அறியார், விளக்கையும் அறியார். ஓட்டி வந்தவளின் கண்ணை நம்பி இறங்கினார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் வடிவுதான். போலீசிடமும் அவள் நடந்ததையே சொன்னாள். சில மாதம் லைசென்ஸ் பறிபோயிற்று. அந்த மாதங்களில் நடந்தே வேலைக்குப் போனாள். சாலையைக் கடக்கும்போதெல்லாம், வருகிற வண்டிக்குள் இருப்பவரின் கண்ணைத் தேடினாள். கண்ணைக் கண்ட பிறகும், கால் எடுத்துவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.