யானை பார்க்க வந்த நண்டு

அந்தக் காலத்தில், மீனும் ஆமையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், நண்டு கடலுக்குள்தான் குடியிருந்தது. மற்றவர்களைப்போல நேராகவே நடந்தது. கண்களும் முகத்தோடு ஒட்டித்தான் இருந்தன.

ஒருநாள் கரையில் முட்டையிட்டுத் திரும்பிய ஆமை, வந்ததும் வராததுமாகச் சொன்னது: "நண்டே, அங்கே மனிதர்கள் பாறைக்குள்ளிருந்து யானையை வெளியே எடுக்கிறார்கள்."

"பாறைக்குள் யானை எப்படிப் போயிற்று?"

"யாருக்குத் தெரியும்? பாதி வெளியே வந்துவிட்டது. போனால் மீதியையும் பார்க்கலாம்."

நண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த அலையிலேயே கரையேறியது.

மணல்மேட்டைத் தாண்டியதும் திகைத்து நின்றுவிட்டது. நெடும்பாறை ஒன்று முழுக்க உளிச்சத்தம். தும்பிக்கை தொங்கும் யானை, அதன் காலடியில் குட்டிகள், அப்பால் மான், அதற்கும் அப்பால் குரங்கு ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. யானையின் முதுகு தெரியவில்லையே என்று நண்டு எம்பி எம்பிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அதன் கண்கள் இரண்டும் காம்பு முளைத்தாற்போல் உயர்ந்தன. மானைப் பார்க்கவேண்டும், ஆனால் யானையை விடவும் மனமில்லை. முகத்தைப் பாறைப் பக்கமே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. அந்த நடை வசதியாக இருக்கவே, ஓடவே தொடங்கிவிட்டது.

பாறையின் கடைசியில் ஒரு சிறு குகை. கீரன் என்ற சிற்பி அதன் வாசலில் குந்தியபடி தூணடியில் சிங்கம் செதுக்கிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே, குகையின் நெற்றியில், மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. நண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு நீண்டது. கல்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஐயா, மேலே கல் பிளக்கிறது. எழுந்து வாருங்கள்."

உளிச்சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நண்டு இன்னும் உரக்கக் கத்தியது. அவன் சிங்கத்தின் பிடரியிலேயே கண்ணாக இருந்தான்.

அவன் கையில் கனத்த சுத்தியல். ஓர் அடி போதும், நண்டின் ஓடு நொறுங்கிவிடும். கோடு இன்னும் ஒரு சாண் நீண்டது. நண்டு பாய்ந்துபோய் அவன் கால் கட்டைவிரலை இறுகக் கவ்வியது.

"அடப் பாவி" என்று அலறியபடி கீரன் துள்ளி எழுந்தான். நண்டு பிடியை விட்டு ஓடியது. சுத்தியலை ஓங்கிக்கொண்டு அவன் துரத்தினான். பத்தடி போயிருப்பான். பின்னால் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், அவன் குந்தியிருந்த இடத்தில் எருமை அளவுப் பாறை கிடந்தது.

கீரன் சுத்தியலைக் கீழே போட்டான். நண்டின் எதிரே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"உன்னைக் கொல்ல வந்தேனே. உனக்கு என்னப்பா வேண்டும்? கேள்."

"அந்த யானை எப்போது முழுதாக வெளியே வரும்?"

கீரன் சிரித்துவிட்டான். "அடுத்த மழைக்குள் வந்துவிடும். அதற்கப்புறம் வேறொரு பாறையில் தேர் எடுக்கப் போகிறோம்."

"தேரா? அப்படியானால் நான் கடலுக்குப் போகவில்லை."

அலை தொடும் ஈரமணலில் அன்றே வளை தோண்டிக் குடியேறியது நண்டு.

அன்று முதல்தான் கரை நண்டுகள் மணல்வளையில் வாழ்கின்றன. அலை விலகியதும் காம்புக் கண்களை நிமிர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டிலேயே ஓடுகின்றன.