காருக்கு அடியில் சேர்மன் படம்

முன்னாள் சேர்மன் தெய்வசிகாமணியின் பழைய கார் புளியமரத்தில் மோதி அப்பளமாகி அவர் வீட்டு வாசலில் கிடந்தது. தப்பித்தது சைலன்சர் ஒன்றுதான். அதைக் கழற்றச் சொல்லி டிரைவர் வெள்ளியங்கிரிக்கு உத்தரவு போட்டார்.

கார் ஒற்றை ஜாக்கியில் நின்றது.

"மரக்கட்டை முட்டுக் குடுத்துட்டு அடியில போறனுங்க."

"நான் வாங்குன ஜாக்கிடா! யானையையே தாங்கும். பயந்தாங்கொள்ளி, உள்ள போடா!"

வெள்ளியங்கிரி பணிவாகத் தலையைச் சொறிந்தான். "அப்ப கூடத்துல மாட்டியிருக்கற உங்க படத்தைக் குடுங்க. பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

சேர்மனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டுச் சால்வையோடு சிரிக்கும் தன் பெரிய கண்ணாடிப் படத்தைத் தானே தூக்கி வந்தார். வெள்ளியங்கிரி அதைக் காருக்கு அடியில் மெல்லத் தள்ளினான்.

"டேய், டேய்! கார் இறங்குனா கண்ணாடி நொறுங்கிரும்டா!"

"யானையைத் தாங்கற ஜாக்கி ஆச்சுங்களே?"

வாசற்படியில் நின்ற சேர்மன் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சேர்மன் கொல்லைக்குப் போய் மரக்கட்டைகளைச் சுமந்து வந்து போட்டார்.

வெள்ளியங்கிரி கட்டைகளை முட்டுக் கொடுத்து, காரை அசைத்துப் பார்த்தான். பிறகு படத்தை வெளியே இழுத்து, தூசி துடைத்து அவரிடம் நீட்டினான்.

"இதை மாட்டிருங்க. இப்பத் தைரியம் வந்துருச்சுங்க."