தட்டோரக் கால்சியம்

பஞ்சாலைக் கேண்டீனுக்கு வந்த உணவு ஆலோசகர் கிருபாகரன் உட்காரவே இல்லை. பேனாவைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"கொத்தமல்லியைவிடக் கறிவேப்பிலையிலதான் கால்சியம் அதிகம். இனிமே கொத்தமல்லி வேணாம். அதை ஆய்ஞ்சு நறுக்குற ஆளும் வேணாம்."

அந்த ஆள் பூரணி. நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசுங்க சார்" என்று சாம்பார் சாதம் வைத்தாள். அவர் நின்றபடியே அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, மறுபடி நடக்கத் தொடங்கினார்.

தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலை மொத்தமும் ஒதுங்கிக் கிடந்தது. கொத்தமல்லியில் ஓர் இணுக்குகூட மிச்சமில்லை.

"நீங்க சொன்ன கால்சியம் பூரா இங்கேயே இருக்கே சார்" என்று பூரணி தட்டைக் காட்டினாள்.

சமையல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கிருபாகரனின் நடை நின்றது.

"பின்னே இதை எப்படித்தான் சாப்பிட வைக்கிறது?"

"துவையலா அரைச்சாத் தன்னால உள்ள போயிடும் சார். ஐந்நூறு பேருக்கு அரைக்கணும். அதுக்கு ஆளு வேணுமே?"