சோலையின் இலை

“உள்ளே யாரு வேணாலும் போகலாம். ஆனா வெளியே வரும்போது...”

அதற்குப் பிறகு மலைக்குடித் தலைவர் மூப்பர் என்ன சொன்னார் என்பது சிவசைலத்துக்கு நினைவில்லை. வனப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டிய அன்று அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது அது. தலைமை விருந்தினரின் கார் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் மூப்பர் இறந்துபோனார்.

இப்போது பூங்கா தயாராகிவிட்டது. மலைக்குடிகளின் வாழ்க்கையைச் சொல்கிற பூங்கா. மூங்கில் குடிசைகள், தேன் எடுக்கும் ஆட்களின் சிலைகள், நடுவில் அவர்களுடைய பழைய சாமிச்சோலை. வரைபடத்திலிருந்து வேலி வரை எல்லாம் சிவசைலத்தின் மேற்பார்வை. மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. அதற்குள் திறந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

மறுநாள் திறப்பு விழா. மலைக்குடிகள் சோலைக்குள் போய் முதல் விளக்கை ஏற்றுவதாக ஏற்பாடு. ஒத்திகைக்கு வந்தவர்கள் வேலியோடு நின்றுவிட்டார்கள். வற்புறுத்தியும் உள்ளே வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

சிவசைலம் அடிவாரத்துக்குப் போய்த் தன் குருவைப் பார்த்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு.

“சாமி, நீங்க சொன்னா கேப்பாங்க.”

“என்ன சொல்லணும்?”

“உள்ளே வரச் சொல்லணும். வரலேன்னா டவுன்லேருந்து ஆட்டக் குழுவைக் கூட்டிட்டு வந்து வேஷம் கட்டி விடச் சொல்லுது ஆபீஸ். எனக்கு அதுல இஷ்டமில்லை.”

“முதல்ல சோலையைப் பாக்கலாம்” என்று குரு எழுந்தார்.

தூறல் விட்டிருந்தது. சிலைகள் இருந்த இடத்தில் மூப்பரின் மகள் பொம்மி நின்றாள். இலையாடை கட்டிய கிழவர் சிலை ஒன்றை அவள் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா இது?” என்றார் குரு.

“எங்க அப்பாவாம். போட்டோ பாத்துச் செஞ்சாங்களாம். மூக்கு சரியா இருக்கு.”

“இலை?”

“அப்பா எட்டு முழ வேட்டிதான் கட்டுவாரு. அதுவும் சலவைக்குப் போட்டு வாங்கினது. இந்தக் கோலத்துல எங்கம்மா பாத்திருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்காது.”

குரு சிரித்தார். சிவசைலம் சிரிக்கவில்லை.

சோலை வந்தது. பொம்மி வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள். மற்ற இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பெரிய மரங்கள். ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல். கல்லைச் சுற்றித் தரை துடைத்தாற்போல் இருந்தது.

“தினம் காலையில பெருக்கிடுவோம். ஒரு சருகு கிடக்காது” என்றார் சிவசைலம்.

குரு கல்லுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெளியே வந்தார்.

பொம்மி அவருடைய காலையே பார்த்தாள். குருவும் குனிந்து பார்த்தார். ஈரக் குதிகாலில் ஓர் இலை ஒட்டியிருந்தது.

அதைப் பிரித்து எடுத்தார். “இதை என்ன செய்யணும்?”

“எடுத்த எடத்துலயே வைக்கணும் சாமி.”

“எந்த மரத்து இலைன்னு தெரியலையே.”

“உள்ளே போட்டாப் போதும். அது பாத்துக்கும்.”

குரு திரும்ப உள்ளே போய் இலையை வைத்துவிட்டு, பாதத்தை உதறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போது சோலையின் பின்பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. அன்றைக்குப் பெருக்கிய சருகு, மூட்டை மூட்டையாக. அது கடந்து போகும்வரை பொம்மி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிவசைலம் டிராக்டரைப் பார்த்தார். பொம்மியைப் பார்த்தார்.

“இதுக்காகத்தான் உள்ளே வரலையா?”

அவள் தலையசைத்தாள்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“அப்பா சொன்னாரே சார். மைக்குல. வெளியே வரும்போது ஒரு இலைகூட நம்மளோட வரக் கூடாதுன்னு.”

“எனக்கு ஞாபகமில்லையே.”

“கைதட்டினீங்க. சரி, புரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்.”

சிவசைலம் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். “பெருக்குறதை இன்னியோட நிறுத்திடறேன். அந்த மூட்டையையும் திருப்பிக் கொட்டச் சொல்றேன். நாளைக்கு வருவீங்களா?” என்றார்.

பொம்மி குருவைப் பார்த்தாள்.

குரு கேட்டார்: “இதுவரைக்கும் போன சருகெல்லாம் எங்கே?”

“மக்கிப் போச்சு சாமி. நல்ல எரு. வாசல்ல ரோஜாப் பாத்தி முழுக்க அதுதான்” என்றார் சிவசைலம்.

“அந்தப் பாத்திகிட்ட செருப்போட நடந்துதானே வந்தோம்.”

“ஆமாம். எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. அது வாசல்.”

“வாசல் இல்லை. அதுவும் சோலைதான்” என்றார் குரு.

மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு விழா, சாமி” என்றார் சிவசைலம்.

குரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். வாசல் தாண்டிச் சாலைக்குப் போன பிறகுதான் அதைக் காலில் போட்டார்.

அன்று மாலை சிவசைலம் விழாவைத் தேதி குறிக்காமல் தள்ளிவைத்தார். ரோஜாப் பாத்தியின் மண்ணை, செடி வேரில் ஒட்டியிருந்ததையும் உதறி எடுத்து, சோலைக்குள் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்.