பல்லக்குத் தூக்கிகளின் வேட்டி

ஒரு பழைய மண்டபத்தின் சுவரில் ஓர் ஓவியம் வாழ்ந்து வந்தது. அதற்கு முந்நூறு வயது. அரசி ஒருத்தி பல்லக்கில் போகிறாள். நான்கு பேர் சுமக்கிறார்கள். சுமப்பவர்களுக்குக் கணுக்கால்வரை வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. பார்க்க வருபவர்கள் வாயடைத்து நிற்பார்கள். அதில் ஓவியத்துக்குப் பெருமை.

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இதே ஊர்வலத்தை ஆளுயரப் பொம்மைகளாக நிறுத்த முடிவு செய்தார்கள். உடைகளைத் தயாரிக்கும் பொறுப்பு பூங்காவனத்துக்கு வந்தது. நாடகங்களுக்கு உடை தைத்துப் பழகியவள். நோட்டும் அளவு டேப்புமாக ஓவியத்தின் முன் வந்து நின்றாள்.

"எழுதிக்கொள்," என்றது ஓவியம். "என்னை வரைந்தவன் ஊர்வலத்தைக் கண்ணால் பார்த்தவன். என்னைவிடப் பெரிய சாட்சி உனக்குக் கிடைக்காது."

அரசியின் சேலையிலிருந்து தூக்கிகளின் வேட்டிவரை அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து வாடிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"கோயில்ல சாமி தூக்குறவங்க நாலு பேரைக் கூப்பிட்டேன். நீங்க காட்டினபடியே வேட்டி கட்டிவிட்டு, பல்லக்கைத் தூக்கி நடக்கச் சொன்னேன். பத்தடி போறதுக்குள்ள முன்னால போனவர் காலை வேட்டி சுத்திக்கிச்சு. விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டார்."

"அவனுக்கு நடக்கத் தெரியவில்லை."

"முப்பது வருஷமா தூக்குறவர்."



பக்கத்துத் தூணின் அடியில் ஒரு சாண் உயரக் கல் உருவம் இருந்தது. அதுவும் ஒரு பல்லக்குத் தூக்கிதான். ஆள் கை பட்டுப் பட்டு மூக்கு தேய்ந்துபோயிருந்தது.

"நான் சொல்லட்டுமா, தாயி?" என்றது கல். "எனக்கு நிறம் தெரியாது. கட்டு தெரியும். தொடைக்கு மேலே இழுத்துச் செருகிய ஒரு சின்னத் துணி. அதற்கு மேல் எங்கள் உடம்பில் ஒன்றும் கிடையாது."

"மூக்கே இல்லாதவன் பேச்சைக் கேட்காதே!" என்று சீறியது ஓவியம்.

"மூக்குதான் போனது. முடிச்சு இருக்கிறது. தொட்டுப் பார், தாயி."

பூங்காவனம் குனிந்து விரலால் தடவினாள். இடுப்பின் பின்பக்கம், கல்லில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அவள் நிமிர்ந்து ஓவியத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓவியம் வாய் திறந்தது. இப்போது அதன் குரல் தாழ்ந்திருந்தது.

"என்னை வரைந்தவன் பார்த்ததைப் பார்த்தபடியேதான் முதலில் வரைந்தான், செங்காவிக் கோட்டில். அரண்மனை அதிகாரி வந்து பார்த்தான். 'அரசிக்குப் பக்கத்தில் இப்படியா? மூடு' என்றான். ஓவியனுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மூடினான். மூன்றாவது ஆளைப் பார், அம்மா. அங்கே வெள்ளை உரிந்திருக்கிறது."

அவள் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். உரிந்த வேட்டிக்கு அடியில் செங்கோட்டில் ஒரு தொடை, இறுக்கிச் செருகிய துணி. உரிந்த துண்டுக்கு அடியில் ஒரு தோள். பல்லக்குத் தடி அழுந்திய இடம் காய்த்து, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.



அருங்காட்சியக அதிகாரி சேவியரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"திறப்பு விழா நெருங்கிடுச்சேம்மா," என்றார் அவர். "படத்துல இருக்கிறது பார்க்க லட்சணமா இருக்கு. கோவணம் மாதிரி கட்டி நிறுத்தினா ஆதாரம் எங்கேன்னு கேப்பாங்க."

"படமேதான் சார் ஆதாரம். வந்து பாருங்க."

சேவியர் வந்தார். டார்ச் வெளிச்சம் அந்தத் தோளிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"அப்படியே பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பூங்காவனமும் கிளம்பினாள். அவளை ஓவியம் அழைத்தது.

"நான் மறைத்தது இனி ஊருக்கே தெரிந்துவிடும். அரசியின் சேலையைப் பற்றி நான் சொன்னதையும் இனி யார் நம்புவார்கள்?"

அவள் திரும்பி வந்து நோட்டைத் திறந்தாள்.

"அதையும் உங்களைக் கேட்டுத்தான் தைப்பேன்," என்றாள். "இனிமே நீங்க சொன்னா நம்பலாம்."